கேபின் ஜன்னல்: இந்த வாரம் நாகேஷ் மட்டும்

சென்ற வாரம் ஒரு பதிலின் நடுவே நாகேஷைப் பற்றி நான்கு வரி எழுதினேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள் தபால் பையை நிறைத்துவிட்டன. பல கடிதங்களில் முகவரிக்கு மேலேயே கேள்வி தொடங்கிவிடுகிறது, அவ்வளவு அவசரம். ஆகவே இந்த வாரம் வேறு கேள்விகளுக்கு இடமில்லை. காத்திருக்கும் மற்ற வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: நாகேஷைச் 'சிறந்த நகைச்சுவை நடிகர்' என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். நீங்கள் மட்டும் 'நடிகர் நாகேஷ்' என்கிறீர்கள். நகைச்சுவை என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டுவிடுகிறீர்களா ஐயா?

வேண்டுமென்றேதான் அம்மா. காரணம் சொல்வதென்றால் என் பதினாறாவது வயதிலிருந்து தொடங்க வேண்டும்.

1966-ல் மூலனூர்ப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டருக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். மேலே கீற்று, கீழே மணல், பின்பக்கம் தகரம் அடித்த கேபின். ஒரே ஒரு புரொஜெக்டர். ஒரு ஸ்பூல் ஓடி முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். உள்ளே வெளிச்சம் தரும் கார்பன் குச்சிகள் இரண்டும் எரிந்து குறையக் குறைய, நடுவில் உள்ள இடைவெளியைக் கையால் திருகிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். கண் அசந்தால் திரை மங்கிப் பழுத்துவிடும், கூட்டம் கத்தும். மெஷின் போடும் இரைச்சலில் வசனம் ஒரு சொல்கூடக் காதில் விழாது. ஸ்பீக்கர் இருப்பது திரைக்குப் பக்கத்தில், கூட்டத்துக்காக. கேபினில் இருப்பவனுக்குக் கிடைப்பது ஒரு கையகலக் கண்ணாடி ஜன்னல்தான்.

அந்த ஜன்னல் வழியாக மூன்று வருடம் படம் பார்த்தேன். எல்லாமே எனக்கு ஊமைப் படங்கள். ஒலி போய்விட்டால் நடிகர்களில் பலர் வெறுமனே வாயை அசைப்பவர்களாகிவிடுவார்கள். நல்ல நடிகர்கள்கூட. அவர்களுடைய உயிரில் பாதி குரலில் இருந்தது, அதில் தவறொன்றும் இல்லை. நாகேஷ் மட்டும் ஒலி இல்லாமலும் முழுதாக இருந்தார். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவார். யாருக்கோ பயந்து வருகிறாரா, யாரையோ ஏமாற்ற வருகிறாரா, பசியோடு வருகிறாரா என்பது முழங்காலிலேயே தெரிந்துவிடும். முகத்துக்குப் பார்வை போவதற்குள் கால் கதையைச் சொல்லி முடித்திருக்கும்.

கே.பாலசந்தரின் முதல் படமான நீர்க்குமிழி 1965-ல் வெளிவந்தது. எங்கள் கொட்டகைக்கு அடுத்த வருடம் வந்தது. முழுக்க முழுக்க ஆஸ்பத்திரிக்குள் நடக்கும் கதை. சாவு நெருங்கிக்கொண்டிருக்கும் குறும்புக்கார நோயாளியாக நாகேஷ். முன்பாதியில் கூட்டம் சிரித்த சிரிப்பில் கேபின் தகரம் அதிர்ந்தது. பின்பாதியில் பெண்கள் பக்கம் மூக்கைச் சிந்தும் அசைவு தெரிந்தது. நான் ஜன்னலில் என்ன பார்த்தேன் தெரியுமா? அதே ஓட்டம், அதே கை, அதே தோள். சிரிப்புக்கு ஒரு நாகேஷ், அழுகைக்கு ஒரு நாகேஷ் என்று இரண்டு பேர் அங்கே இல்லவே இல்லை. அவர் செய்த வேலை ஒன்றுதான். பார்த்தவர்கள்தான் ஓரிடத்தில் சிரித்தார்கள், ஓரிடத்தில் அழுதார்கள். அதைக் கண்ணால் பார்த்தவன் எப்படி அவரை ஒரு பெட்டிக்குள் போட்டு மூடுவேன்?

தாராபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: எங்கள் ஊர்ப் பிள்ளையைப் பற்றி எழுதியதற்கு நன்றி. ரயில்வே வேலையில் இருந்தவர் எப்படிச் சினிமாவுக்கு வந்தார் என்பதை இந்தத் தலைமுறைக்குச் சொல்லுங்கள்.

உங்கள் ஊர்க்காரர் என்பதை எங்கள் கொட்டகையிலேயே உணர்ந்திருக்கிறேன் ஐயா. திரையில் அவர் பெயர் வந்ததும் தாராபுரத்துக்காரர் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லாதவர்கள் கிடையாது. அமராவதி ஆற்றுத் தண்ணீர் குடித்தவர் என்பதில் அந்தப் பக்கத்து மக்களுக்கு அப்படி ஒரு சொந்தம்.

பிறந்தது 1933 செப்டம்பர் 27. வீட்டில் பேசிய மொழி கன்னடம். சென்னையில் ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா. வேலை முடிந்தபின் நாடகம். ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரராகச் சிறிய வேடம். அந்தச் சிறிய வேடத்தில் அவர் துடித்த துடிப்பைப் பார்த்துவிட்டு, அன்று வந்திருந்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே அவரைப் பாராட்டினார். 1959-ல் தாமரைக்குளம் முதல் படம். அதன் பிறகு உடனே வாய்ப்புகள் வந்து குவிந்துவிடவில்லை. தியாகராய நகரில் வாலியோடும் ஸ்ரீகாந்தோடும் ஒரே இடத்தில் தங்கி, கையில் இருப்பதைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்த காலம் அது. ஒருவர் பாட்டு எழுதக் காத்திருந்தார், இருவர் நடிக்கக் காத்திருந்தார்கள். 1968-ல் எதிர்நீச்சல் வந்தபோது மூவரும் அதே படத்தில் இருந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு நாடகம் எழுதிய பாலசந்தரைச் சந்தித்ததுதான் பெரிய திருப்பம். சர்வர் சுந்தரம் முதலில் மேடையில் நாடகமாக வந்தது. பிறகு கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் 1964-ல் படமானது. அதே வருடம் ஸ்ரீதரின் காதலிக்க நேரமில்லை. மறு வருடம் நீர்க்குமிழி, திருவிளையாடல். 1967-ல் அனுபவி ராஜா அனுபவியில் இரட்டை வேடம். 1968-ல் எதிர்நீச்சல், தில்லானா மோகனாம்பாள். ஐந்து வருடத்துக்குள் ஓட்டல் சர்வர், படம் எடுக்கத் துடிக்கும் பணக்கார வீட்டுப் பையன், நோயாளி, ஏழைப் புலவன், தூத்துக்குடிக்காரன், மாடிப்படிக்குக் கீழே படுத்துறங்கும் அநாதை, பெரிய மனிதர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் வைத்தி. இந்த வரிசையை உங்கள் மாணவர்களிடம் படித்துக் காட்டுங்கள் ஐயா. இவ்வளவும் ஒரே ஒல்லி உடம்பில் நடந்தது.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: திருவிளையாடலை மகனோடு பார்த்தேன். சிவாஜி, சாவித்திரி, முத்துராமன் எல்லோரும் இருக்கும் படத்தில், கொஞ்ச நேரமே வரும் தருமியைத்தான் அவன் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறான். அவனுக்குப் புராணமும் தெரியாது, கொங்குதேர் வாழ்க்கையும் தெரியாது. அப்படி என்ன இருக்கிறது அதில்?

உங்கள் மகன் பிடித்துக்கொண்டது சரியான இடம். புராணம் தெரியாவிட்டாலும் கடன்காரனின் நடை எல்லோருக்கும் தெரியும்.

கதையில் தருமி பரம ஏழை. பாண்டியன் அறிவித்த ஆயிரம் பொன் வேண்டும், பாட்டு எழுத வராது. இறைவனே வந்து பாட்டு எழுதிக் கொடுக்கிறார். கொங்குதேர் வாழ்க்கை என்று தொடங்கும் அந்தப் பாட்டு குறுந்தொகையில் இரண்டாவதாக இன்றும் இருக்கிறது, இறையனார் பெயரில். ஏ.பி.நாகராஜன் அந்தப் புராணக் கதையை எடுத்து, அதன் நடுவில் ஓர் ஏழையை நிறுத்தினார். தானே நக்கீரராகவும் நடித்தார்.

எத்தனையோ தடவை அந்தக் காட்சியை நான் ஓட்டியிருக்கிறேன். ஜன்னலில் பார்க்கும்போது தருமியின் கண் போகும் இடத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பேன். எதிரில் நிற்பவர் யாரென்று அவனுக்குத் தெரியாது. முதலில் பாட்டைத் தட்டிக்கொண்டு போய்விடலாமா என்று பார்வை. பிறகு இவர் நிஜமாகவே படித்தவர்தானா என்று சந்தேகம். கேள்வி கேட்கத் தொடங்கியதும் கை முன்னால் போகும், உடம்பு பின்னால் போகும். ஒவ்வொரு பதிலும் வந்து விழும்போது முதுகு கொஞ்சம் வளையும். கேட்பவன் பரீட்சை வைப்பவன். ஆனால் கேட்கக் கேட்க அவன்தான் சிறுத்துக்கொண்டே போகிறான். பிறகு அரண்மனை. நக்கீரர் தடுத்ததும், பொன்னை வாங்க நீண்ட கை நீண்டபடியே நிற்கிறது. அந்தக் கையை மடக்குவதற்கு அவருக்கு மனம் வரவில்லை பாருங்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனவர்களுக்கு அந்தக் கை புரியும். எங்கள் கொட்டகையில் மணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் புரிந்தது. அந்த இடத்தில் கூட்டம் சிரித்துக்கொண்டே இருந்து சட்டென்று ஓய்ந்துவிடும். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு ஆட்டத்திலும்.

திரும்பக் கோயிலுக்கு வந்து தனியாகப் புலம்பும் இடம் எந்தக் காலத்துக்கும் பாடம். எதிரில் ஆளில்லை, பேச்சுக்குப் பதிலில்லை. அந்த மண்டபம் முழுவதையும் ஒற்றை ஆளாக நடந்தே நிரப்புகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் காட்சியின் புகழில் சிவனாக வந்த சிவாஜிக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் அசையாமல் நின்றார். அசைந்திருக்க முடியாதா? சிவாஜிக்கு அசையத் தெரியாதா? எதிரில் இருப்பவன் ஆடட்டும் என்று கல்தூண் மாதிரி நின்றுகொடுத்தார். பெரிய நடிகர் இன்னொரு நடிகருக்குச் செய்யக்கூடிய மரியாதையில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. இப்போதெல்லாம் இரண்டு நட்சத்திரங்கள் ஒரு காட்சியில் நின்றால் யார் கண்ணில் படுவது என்ற போட்டியே தெரிகிறது. எனக்கு அது வருத்தம்.

சென்னையிலிருந்து, பெயர் வேண்டாம் என்று ஒருவர்: நாகேஷ் ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸைப் பார்த்து நடித்தவர்தானே? அந்த ஆட்டம், கோணல்மாணலாகக் கையை வீசுவது எல்லாம் அங்கிருந்து வந்தவை என்கிறார்களே?

ஜெர்ரி லூயிஸோடு அவரை ஒப்பிட்டு அந்தக் காலத்திலேயே எழுதினார்கள். ட்விஸ்ட் ஆட்டத்தில் அந்தச் சாயல் உண்டு, நான் மறுக்கவில்லை. நல்ல கலைஞன் எங்கிருந்தும் எடுத்துக்கொள்வான்.

ஆனால் ஐயா, தில்லானா மோகனாம்பாள் வைத்தியை எந்த ஆங்கிலப் படத்திலிருந்து எடுக்க முடியும்? பெரிய மனிதர் முன்னால் நிற்கும்போது துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு வருவதும், அவர் முதுகைத் திருப்பியதும் அதே துண்டு தோளுக்கு ஏறுவதும் தஞ்சாவூர்ப் பக்கத்துத் திண்ணைகளில் பிறந்த சங்கதி. நட்டுவனார் வீட்டுக்கும் ஜமீன் மாளிகைக்கும் நடுவில் தரகு பேசித் திரிந்தவர்கள் அங்கே நிஜமாகவே இருந்தார்கள். கதையை எழுதிய கொத்தமங்கலம் சுப்பு அந்தத் தரகர்களை எழுத்தில் பிடித்தார். நாகேஷ் தோளிலும் குனிவிலும் பிடித்தார். அந்த வைத்தியைப் பார்த்தால் சிரிப்பு வரும், கூடவே அருவருப்பும் வரும். இரண்டையும் ஒரே நேரத்தில் வரவழைக்க வேறு ஊரைப் பார்த்து நடிப்பவனால் முடியாது.

காதலிக்க நேரமில்லையில் அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓகோ புரொடக்ஷன்ஸ் செல்லப்பாவாக நாகேஷ், அப்பாவாகப் பாலையா, ஓர் அறை. வேறு எதுவும் கிடையாது. கதவு கிறீச்சிடுவதும் காலடி நெருங்குவதும் எல்லாமே நாகேஷின் வாயும் கையும்தான். ஆனால் அவர் கண் கதையில் இல்லை, பாலையாவின் முகத்தில் இருக்கிறது. எவ்வளவு பயந்திருக்கிறார் என்று பார்த்துப் பார்த்து அடுத்த சத்தத்தைப் போடுகிறார். பாட்டி கதை சொல்லும்போது குழந்தையின் முகத்தைப் பார்த்துத்தானே பேயை வர வைப்பாள்? அந்தக் காட்சியின் வேர் அங்கே இருக்கிறது. பாலையாவும் சாதாரணக் கேட்பாளர் இல்லை. அவர் பயப்படாமல் இருந்திருந்தால் செல்லப்பாவின் கதைக்கு உயிரே கிடையாது. வில்லனாக நாட்டை நடுங்க வைத்தவர், இங்கே ஒரு சின்னப் பையனிடம் நடுங்கிக் காட்டினார்.

ஈரோட்டிலிருந்து ஒரு தாய்: என் மகளுக்குச் சிறு வயதில் ஏற்பட்ட தீக்காயத்தால் முகத்தில் தழும்பு இருக்கிறது. பள்ளி நாடகத்தில் நடிக்க ஆசைப்படுகிறாள். நாகேஷுக்கும் முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தது என்று சொன்னேன், நம்ப மறுக்கிறாள். நீங்கள் எழுதினால் நம்புவாள்.

மகளே, உன் அம்மா சொன்னது உண்மை. இளம் வயதில் பெரியம்மை கண்டு, முகம் முழுக்கத் தழும்போடு பிழைத்து எழுந்தவர் நாகேஷ். கறுப்பு வெள்ளைப் படங்களில், முகத்தை அருகில் காட்டும் இடங்களில் கன்னத்தைப் பார். மேக்கப்பை மீறித் தெரியும்.

நான் ஒரு நடிகரின் முகத்தைத் திரையில் பதினைந்தடி உயரத்துக்குப் பெரிதாக்கிக் காட்டும் வேலை செய்தவன். தழும்பெல்லாம் திரையில் பதினைந்தடி உயரத்துக்குப் பெரிதாகத்தான் தெரியும், ஒளிக்க முடியாது. ஆனால் எங்கள் கொட்டகையில் உட்கார்ந்திருந்த நானூறு பேரில் ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் புருவம் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கன்னத்தைப் பார்க்க நேரமில்லை.

சர்வர் சுந்தரத்தில் அவர் கதாநாயகன். அழகன் இல்லை என்பது அந்தக் கதையிலேயே இருக்கும் வலி. தான் விரும்பும் பெண் தன் நண்பனை விரும்புகிறாள் என்று தெரிகிற இடத்தில் அவர் முகத்தை நீ பார்க்க வேண்டும். அந்த முகம் இல்லாமல் அந்தக் காட்சி இல்லை. நாடகத்தில் என்ன வேடம் என்று அம்மாவை எழுதச் சொல். வசனத்தைக் கண்ணாடி முன் நின்று படிக்காதே. சுவரைப் பார்த்துப் படி, அல்லது தம்பி தங்கை இருந்தால் அவர்களை உட்கார வைத்துப் படி. கண் எதிராளியிடம் இருக்கட்டும்.

பெங்களூரிலிருந்து ஒரு வாசகர்: மகளிர் மட்டும் படத்தில் பிணமாக நடித்ததையும் நடிப்பு என்று கொண்டாடுகிறார்கள். அசையாமல் கிடப்பதில் என்ன நடிப்பு?

ஒரு முறை யாரையாவது உட்கார வைத்து, தள்ளிப் பாருங்கள். விழப்போகும் உடம்பு தன்னையறியாமல் கையை ஊன்றும். கழுத்து விறைக்கும். கண்ணிமை துடிக்கும். உயிருள்ள உடம்பின் குணம் அது. 1994-ல் வந்த அந்தப் படத்தில் மூன்று பெண்கள் அவரைத் தூக்குகிறார்கள், இழுக்கிறார்கள், சாய்க்கிறார்கள். தலை தன் கனத்துக்கு ஏற்றபடி தொங்குகிறது, ஊன்ற வேண்டிய கை ஊன்றவில்லை. ஆயுள் முழுக்க உடம்பின் ஒவ்வொரு மூட்டையும் பேச வைத்தவருக்குத்தான் அத்தனை மூட்டையும் ஒரே நேரத்தில் வாயடைக்கவும் தெரியும். அப்போது அவருக்கு வயது அறுபது.

கோவையிலிருந்து ஒரு வாசகி: பிற்காலத்தில் வில்லனாக, பேராசிரியராக எல்லாம் வந்தாரே, அவை பழைய நாகேஷுக்கு ஈடாகுமா? அவருக்குக் கிடைத்த விருதுகள் போதுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போதாது. தேசிய விருது ஒரே ஒரு முறை, அதுவும் துணை நடிகருக்கானது, நம்மவர் படத்துக்கு. பத்ம விருது அவருக்குக் கொடுக்கப்படவே இல்லை. 2009 ஜனவரி 31 அன்று அவர் மறைந்தபோது வயது 75. அதற்குள் எத்தனை குடியரசு தினங்கள் வந்து போயின! ஒவ்வொரு வருடமும் பட்டியல் வரும்போது நான் பெயரைத் தேடியிருக்கிறேன். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

முதல் கேள்வி. பழைய நாகேஷ், புதிய நாகேஷ் என்று பிரிப்பதை நான் ஏற்கவில்லை. 1975-லேயே அபூர்வ ராகங்களில் குடிக்கு அடிமையான டாக்டராக வந்தார். சுவரில் விழுந்த தன் நிழலோடு கோப்பையை மோதிக் குடிக்கிறாரே, அந்த ஒரு செயலில் அந்த மனிதனுக்கு உலகில் வேறு துணை இல்லை என்பது தெரிந்துவிடுகிறது. அது நகைச்சுவையா, சோகமா? அபூர்வ சகோதரர்களில் 1989-ல் தர்மராஜ். கொலைகாரன். அந்தக் கொடூரத்துக்கு அவர் கண்ணை உருட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. இருபது வருடம் முன் வைத்தியிடம் இருந்த நைச்சியத்தை எடுத்து, அதிலிருந்த பயத்தை மட்டும் கழற்றிவிட்டார். மறு வருடமே மைக்கேல் மதன காமராஜனில் அவினாசியாக வந்து, அதே நைச்சியத்தோடு பயத்தையும் இரண்டு மடங்காக்கிக் காட்டினார்.

நம்மவர் 1994-ல் வந்தது. அப்போது நான் ஒரு நிரந்தரத் தியேட்டரில் தலைமை ஆபரேட்டர். கார்பன் போய் செனான் விளக்கு வந்துவிட்டது. கேபினுக்குள்ளேயே சின்ன ஸ்பீக்கர் இருந்தது, வசனமெல்லாம் நன்றாகக் கேட்கும். மகளைப் பறிகொடுத்த தகப்பனாக அவர் கமலிடம் பேசும் காட்சி. முதல் நாள் எல்லோரையும் போலக் கேட்டுக்கொண்டே பார்த்தேன். பேச்சு சிரிப்பில் போய் முட்டுகிறது, சிரிப்பு உடைந்து அழுகையாகிறது, எது எங்கே மாறியது என்று பிடிக்க முடியவில்லை. இரண்டாம் நாள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, பதினாறு வயதில் பார்த்த மாதிரி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கை நிலைகொள்ளாமல் எதையோ தேடுகிறது. தொட, பிடிக்க, ஒழுங்குபடுத்த ஏதாவது வேண்டும் அந்தக் கைக்கு. பொன்னுக்காக நீண்டு, மடக்க மனமில்லாமல் நின்ற அதே கை. இருபத்தெட்டு வருடம் கழித்து அதைத் திரும்பப் பார்த்தேன். கேபினில் உடனிருந்த பையன் ரீல் மாற்ற நேரமாகிவிட்டது என்று தோளைத் தொட்டுத்தான் என்னை எழுப்பினான்.

கோலாலம்பூரிலிருந்து ஒரு வாசகர்: பன்னிரண்டு வயதுப் பேத்திக்கு நாகேஷை அறிமுகப்படுத்த வேண்டும். எந்தப் படத்தில் தொடங்கலாம்?

எதிர்நீச்சல். பல குடித்தனங்கள் உள்ள ஒரு வீட்டில், எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்து, எல்லோர் வீட்டு மிச்சத்தையும் சாப்பிட்டுப் படிக்கும் மாடிப்படி மாது. குழந்தைகளுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். அடுத்து காதலிக்க நேரமில்லை, வண்ணப்படம், உற்சாகமாக இருக்கும். நீர்க்குமிழியைக் கொஞ்சம் வளர்ந்தபின் காட்டுங்கள்.

பழனியிலிருந்து ஒரு வாசகர்: இத்தனை வருடம் கேபினில் இருந்தீர்களே, நாகேஷை நேரில் பார்த்தது உண்டா? அவர் நினைவாக ஏதாவது வைத்திருக்கிறீர்களா?

நேரில் பார்த்ததில்லை. ஒரு பொருள் இருக்கிறது.

திருவிளையாடல் எங்கள் கொட்டகையில் ஓடிய ஐந்தாவது நாள், தருமி காட்சியில் ரீல் அறுந்துவிட்டது. தவறு என்னுடையது. ரீவைண்ட் செய்யும்போது ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே சுற்ற வேண்டும், ஓட்டை கிழிந்திருந்தால் விரலில் நெருடும். அன்று நான் சரியாகத் தடவவில்லை. கூட்டம் ஒரே கூச்சல். ஆபரேட்டர் அண்ணன் ஒரு சொல் திட்டவில்லை. கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தார். முனையைச் சுரண்டி, ஃபிலிம் ஒட்டும் சிமெண்ட் தடவி, அழுத்திப் பிடித்தார், மறுபடி ஓட விட்டார். வெட்டிய துண்டைக் கீழே போடாமல் என் கையில் கொடுத்து, பார்த்து வைத்துக்கொள் என்றார்.

பதினொரு கட்டங்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளம். திரையில் அரை நொடிகூட வராது. அந்தக் காலத்துப் பையன்களெல்லாம் இந்தத் துண்டுகளைச் சேர்ப்பார்கள், ஃபியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி, கண்ணாடியில் வெயிலைத் திருப்பி, வேட்டியில் படம் காட்டுவார்கள். நான் இதை யாருக்கும் கொடுக்கவில்லை. அன்று இரவே கேபின் பல்புக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். சிவாஜி பதினொரு கட்டத்திலும் ஒரே மாதிரி. நாகேஷ் ஒரு கட்டத்தில் இருந்த மாதிரி அடுத்ததில் இல்லை. முதல் கட்டத்தில் வலது கை மார்புக்கு நேராக இருக்கிறது. நான்காவதில் விரல்கள் புகை கலைந்த மாதிரி மங்கியிருக்கின்றன, அவ்வளவு வேகம். ஏழாவதில் கை நின்றுவிட்டது, ஆனால் தோள் எழும்பத் தொடங்கியிருக்கிறது. ஒன்பதாவதில் கண் மட்டும் எதிராளியின் பக்கம் திரும்பியிருக்கிறது, முகம் இன்னும் திரும்பவில்லை.

அந்தக் காலத்துக் கலர் பிரிண்டுகளெல்லாம் நாளாக ஆக நீலமும் பச்சையும் போய்ச் சிவந்துவிடும். என்னிடம் இருப்பதும் இப்போது முழுக்கச் செம்மண் நிறம். சிவனும் சிவப்பு, தருமியும் சிவப்பு, பின்னாலிருக்கும் மண்டபமும் சிவப்பு. ஒரு ஜியாமெட்ரி பெட்டியில், பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். போன மாதம் பேரன் வந்திருந்தபோது ஜன்னலில் வெயில் விழும் இடத்தில் பிடித்துக் காட்டினேன். அவன் ஒவ்வொரு கட்டமாக எண்ணிக்கொண்டே வந்து, பதினொன்று முடிந்ததும் அடுத்த கட்டம் எங்கே தாத்தா என்று கேட்டான்.